தொடர்புக்கு: அக்கா

மாதத்துக்கு ஒரு தடவையாவது தெரியாத எண்ணிலிருந்து எனக்கு ஓர் அழைப்பு வரும். பெரும்பாலும் பெண் குரலாக இருக்கும், பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய வயதுக் குரல். "பொண்ணோட அக்காங்களா?" என்று கேட்பார்கள். "ஆமா, அக்காதான் பேசுறேன், சொல்லுங்க" என்பேன். பக்கத்தில் இருந்தால் என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். எனக்குத் தங்கச்சி கிடையாது. எங்கள் வீட்டில் நான்தான் கடைக்குட்டி. அவர்கள் கேட்கிற அந்தப் பொண்ணுக்கு என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது கூட இருக்கும்.

கோச்சடையில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி அவள். கீழே நாங்கள், மாடியில் அவள் மட்டும். நாங்கள் குடிபோவதற்கு முந்தின வருடம்தான் அவளுடைய அப்பா தவறியிருந்தார். அம்மா அதற்கு வெகுகாலம் முன்பே. அண்ணன் ஒருவன் வடக்கே புனேயிலோ எங்கேயோ இருந்தான். பொங்கலுக்கு ஒரு போன் செய்வான், அதோடு சரி. நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தாள். சாயந்திரம் ஸ்கூட்டியில் திரும்பும்போது தெருமுனையிலேயே எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வருவாள். சத்தம் கேட்டு யாராவது எட்டிப் பார்த்து, கேட்டைத் திறந்துவிட வந்துவிடக் கூடாதாம்.

"நானே பாத்துக்கிறேன்." அவளிடம் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். நாங்கள் குடிபோன புதிதில், சிலிண்டர் கொண்டுவந்தவர் மாடிக்குத் தூக்க முடியாது என்று கீழேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் கைலியை மடித்துக்கட்டிக்கொண்டு போனார். "வேணாம் தம்பி, நானே பாத்துக்கிறேன்" என்று அக்கா சிலிண்டரைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு படியாக அது ஏறுகிற டங்கு டங்கு சத்தம் எங்கள் சமையலறைச் சுவரில் கேட்டுக்கொண்டே இருந்தது. நடுவில் அவள் மூச்சு வாங்க நிற்பதும் கேட்டது.

"நம்ம கை பட்டா சிலிண்டரு தீட்டாயிரும் போல" என்றார் இவர்.

எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. கொட்டாம்பட்டிப் பக்கம் அடுத்தவர் வயலில் களையெடுத்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். இந்த விஷயத்தில் எங்களுக்கு மூக்கு கொஞ்சம் கூர்மை. ஆனால் போகப் போகத் தெரிந்தது, அவள் எல்லோருக்கும் அப்படித்தான். சொந்தக்காரர்கள் வந்தாலும் வாசலில் நிற்கும்போதே "எனக்கு ஒண்ணும் வேணாம், எல்லாம் இருக்கு" என்று ஆரம்பித்துவிடுவாள். ஒரு தடவை அவளுக்குக் கடும் காய்ச்சல். நான் கஞ்சி கொண்டுபோனேன். கதவை ஒரு சாண் திறந்து வாங்கிக்கொண்டாள். சாயந்திரமே தூக்குச்சட்டி திரும்பி வந்துவிட்டது, உள்ளே பொரிகடலையோடு. வெறும் பாத்திரமாகத் தரக் கூடாது என்று அந்தக் காய்ச்சலோடு எழுந்து கடைக்குப் போயிருக்கிறாள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு வாய்க் கஞ்சியைக்கூடக் கடனாக வைத்துக்கொள்ளத் தெரியாத பிறவி என்று திட்டிக்கொண்டே அந்தப் பொரிகடலையை நான்தான் தின்று தீர்த்தேன்.

சில நாள் சாயந்திரம் மாடியில் பேச்சுச் சத்தம் கேட்கும். யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள், நல்லதுதான் என்று நினைப்பேன். மாடியில் துணி எடுக்கப் போன ஒரு நாள்தான் விஷயம் தெரிந்தது. ஜன்னலோரம் கம்ப்யூட்டர் மேஜை. அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பிரிண்டரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்காச்சும் மனசு வைங்களேன். காலையில நல்லாத்தானே இருந்தீங்க. இப்ப என்ன கோவம்?"

வாங்க போங்க என்று மரியாதையாகத்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் காட்டாமல் துணியை அள்ளிக்கொண்டு கீழே இறங்கினேன். இறங்கி வந்த பிறகு சிரிக்க முடியவில்லை.

நான் அப்போது ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பில் போடும் இடத்தில் இருந்தேன். பொழுது விடிந்தால் பிரிண்டரோடுதான் மல்லுக்கட்டு. அது அக்காவுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. கேட்டது ஒரு சனிக்கிழமை மத்தியானம். கீழே வந்து எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றாள்.

"ஏம்மா, பேப்பர் சிக்கிக்கிட்டா எந்தப் பக்கமா இழுக்கணும்? சொல்லு போதும், நானே பாத்துக்கிறேன்."

"சொன்னா வராதுக்கா. நான் வாரேன்."

பின்பக்க மூடியைத் திறந்தேன். உள்ளே தாளை இழுக்கிற ரப்பர் உருளைகள் இரண்டும் மஞ்சளாக இருந்தன. துணியால் துடைத்தால் துணியும் மஞ்சள். மோந்து பார்த்தேன். சமையல் மஞ்சளேதான்.

"அக்கா, இதுக்குள்ள மஞ்சத்தூள் எப்படிப் போச்சு?"

அவள் தட்டில் அடுக்கியிருந்த தாள்களைக் காட்டினாள். ஒவ்வொரு வெள்ளைத் தாளிலும் நாலு மூலைக்கும் மஞ்சள் குழைத்துத் தடவியிருந்தது. சிலது இன்னும் காயவே இல்லை. அவளுடைய அப்பா கையால் எழுதிய காலத்திலிருந்து அவர்கள் வீட்டு வழக்கமாம். ஜாதகத்தை மூளித்தாளில் எழுதக் கூடாது. முதலில் மஞ்சள், அப்புறம் பிள்ளையார் சுழி, அதற்கப்புறம்தான் எழுத்து. கையெழுத்து போய் கம்ப்யூட்டர் வந்த பிறகும் அப்பா அதே வரிசையில்தான் செய்தாராம். அவர் செய்ததை இவள் மாற்றவில்லை. ஈரமும் மஞ்சளும் சேர்ந்தால் எந்த உருளைதான் தாளை இழுக்கும்?

"பிரிண்ட் எடுத்துட்டு அப்புறமா தடவுங்கக்கா. சாமி கோவிச்சுக்காது."

"அப்பா கோவிச்சுக்குவாரு" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, அவருக்கு நான் சொல்லிக்கிறேன்" என்றாள்.

அப்போதுதான் திரையில் இருந்ததைப் படித்தேன். அது அவளுடைய ஜாதகம். பெயர், நட்சத்திரம், லக்னம், குலதெய்வம், படிப்பு, கீழே இரண்டு கட்டங்கள். தன் ஜாதகத்தைத் தானே அச்செடுத்துக்கொண்டிருக்கிறாள். அப்பா இருந்தவரை அவர் எடுத்துக் கொடுத்திருக்கிறார், அவர் போன பிறகு கொடுக்க ஆள் இல்லை. தெருமுனையில் ஜெராக்ஸ் கடை இருக்கிறதே என்று கேட்க வாய் வரை வந்தது. அவளே சொல்லிவிட்டாள்.

"கடையில போயி என் ஜாதகத்த நானே நீட்டவாம்மா? அவன் வயசப் பாப்பான், அப்புறம் என்னையப் பாப்பான்."

தரகர் ஒருவர் வாட்சப்பில் அனுப்பினால் போதும் என்றாராம். அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தாள். "வாட்சப்புல மஞ்சள எங்க தடவுறது?"

எங்கள் பக்கம் இந்தத் தொல்லையே இல்லை. எனக்கு ஜாதகம் கிடையாது. நான் எப்போது பிறந்தேன் என்று கேட்டால் அம்மா, "கடலை புடுங்குன சமயம்" என்பாள். மாமா மகன் இருந்தார், மஞ்சக்கயிறு இருந்தது, முடிந்தது. அப்படிப்பட்ட நான் ஒருத்தியின் ராசிக் கட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்து உருளை துடைத்துக்கொண்டிருந்தேன்.

துடைத்ததும் தாள் போனது. ஆனால் கடைசி வரி வரவில்லை. திரையில் இருக்கிறது, தாளில் பாதி எழுத்தோடு அறுந்துபோகிறது. "அது ரொம்ப நாளா அப்படித்தான். நான் பேனாவுல எழுதிக்குவேன், கெடக்கட்டும்" என்றாள். எனக்கு விட மனசில்லை. செட்டிங்ஸைத் திறந்து பார்த்தால் தாள் அளவு லெட்டர் என்று இருந்தது. நாம் வைப்பது ஏ ஃபோர்.

"இது அமெரிக்காக்காரன் தாளுக்கா. நம்ம தாளவிடக் கட்டை. அதான் அடிப்பக்கம் வெட்டுது."

"அமெரிக்காக்காரனுக்கும் என் ஜாதகத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்றாள். அவள் கேலி பேசி அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன்.

மாற்றினேன். முழுத்தாளும் வந்தது. கடைசி வரி: தொடர்புக்கு, அவளுடைய அப்பா பெயர், அவருடைய எண். நான் அவளைப் பார்த்தேன். அவள் ஃபிரிட்ஜின் மேலே பார்த்தாள். அங்கே ஒரு பழைய பட்டன் போன் சார்ஜில் கிடந்தது.

தன் கல்யாணத்தைப் பெண் தானே பேசுவது அவர்களில் கிடையாது. யார் வீட்டிலும்தான் கிடையாது. பெரியவர் ஒருவர் பேச வேண்டும். அதனால் செத்துப்போன அப்பாவின் எண்ணை அவள் உயிரோடு வைத்திருந்தாள். அந்த போன் மணியடிப்பதை நான் ஒரு தடவை நேரில் பார்த்தேன். தொண்டையைச் செருமி, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, மூக்கால் இழுத்து, "நான் பொண்ணோட சித்தி பேசுறேங்க. பொண்ணோட அப்பா தவறிட்டாரு. நான்தான் எல்லாம் பாக்குறேன்" என்றாள். ஒரு பெரிய மனுஷி அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது போலவே இருந்தது. "பொண்ணு தங்கமான பொண்ணுங்க. அது உண்டு அதன் வேலை உண்டு" என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிவிட்டு, என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சித்தி வெகுநாள் தாங்கவில்லை. ஒரு குடும்பம் பெண் பார்க்க நேரிலேயே வந்துவிட்டது. அக்கா பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, தானே கதவைத் திறந்து, தானே காபி போட்டு, தானே எடுத்துப்போய்க் கொடுத்தாள். "போன்ல பேசுனாங்களே, சித்தி எங்க?" என்று கேட்டார்களாம். ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்றாளாம். வந்தவர்கள் படியிறங்கும்போது நான் வாசலில் நின்றிருந்தேன். "ஒரு பெரிய மனுசர் இல்ல, என்ன வீடு இது" என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னது என் காதில் விழுந்தது. அக்காவுக்கும் விழுந்திருக்கும். அவள் மேல்படியில்தான் நின்றிருந்தாள்.

ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டாள். பிரிண்டரில் ஏதோ கோளாறு என்றாள். போய்ப் பார்த்தால் கோளாறு எதுவும் இல்லை. ஜாதகம் திறந்திருந்தது. கடைசி வரியில் அப்பா பெயரை அழித்திருந்தாள். "தொடர்புக்கு" என்பதற்குப் பக்கத்தில் கோடு மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது.

"ஒன் நம்பர் என்னம்மா?" என்றாள், திரையைப் பார்த்துக்கொண்டே.

இதைக் கேட்க அவளுக்கு எம்புட்டுக் கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். சிலிண்டரைத் தூக்கிவிடக்கூட ஆள் கேட்காதவள். நான் எண்ணைச் சொன்னேன். அடித்தாள். பெயர் போட வேண்டிய இடத்தில் கொஞ்ச நேரம் விரல் நின்றது. பிறகு "தங்கை" என்று அடித்தாள்.

மேலே அவர்கள் குலம் இருக்கிறது, கீழே என் பெயர் வந்தால் ஒட்டாது. என் பெயரைப் பார்த்தாலே எந்தத் தெருக்காரி என்று கண்டுபிடிக்கிற ஆட்கள் உண்டு. எனக்குப் புரிந்தது. புரிந்தாலும் உள்ளே சுருக்கென்றுதான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அதே நேரம், அதுவரை ஏம்மா, ஏம்மா என்று மட்டும் கூப்பிட்டவள் தங்கை என்று அடித்ததைப் பார்க்கக் கண்ணும் கலங்கியது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

முதல் அழைப்பு விருதுநகர்ப் பக்கமிருந்து வந்தது. நான் ஆஸ்பத்திரியில் பில் அடித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் நன்றாகத்தான் போனது. நட்சத்திரம் பொருந்துகிறது என்றார் அந்த அம்மா. பிறகு கேட்டார்.

"நீங்க தங்கச்சின்னு போட்டிருக்கு. ஒங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சாம்மா?"

"ஆயிருச்சுங்க. ஒரு பொண்ணு இருக்கா."

அப்புறம் மெதுவாக, "அக்காள வச்சுக்கிட்டுத் தங்கச்சிக்கு முடிச்சிருக்காங்கன்னா, ஏதாச்சும் காரணம் இருக்குமே தாயி" என்றார். நான் என்ன சொல்லியும் அந்த இடத்தை விட்டு அவரை நகர்த்த முடியவில்லை. பாவி, நாங்கள் இரண்டு பேருமே இதை யோசிக்கவில்லை. மூத்தவள் இருக்க இளையவளுக்கு முடிந்த வீடு என்றால் நம் ஊரில் கண்டிப்பாகக் கேள்வி வரும். அந்த ஒரு சொல்லால், இல்லாத ஒரு குறையை நாங்களே அச்சடித்துக் கொடுத்திருக்கிறோம்.

சாயந்திரம் மேலே போய்ச் சொன்னேன். அக்கா அழுவாள் என்று பயந்துகொண்டுதான் போனேன். அவள் சிரித்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டு, "தங்கை" என்பதை அழித்து "அக்கா" என்று அடித்தாள்.

"ஒரே நாள்ல ஒனக்கு வயசேறிப் போச்சு. பரவால்லயா?"

"ஏறட்டும்க்கா. இனிமே நீங்க என்னைய அக்கான்னு கூப்புடணும்."

"போடி" என்றாள். அந்த 'டி'யையும் அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன்.

அந்தத் திருத்தத்தை அச்செடுக்கத்தான் அவள் பாடுபட்டிருக்கிறாள். மறுநாள் ஞாயிறு. காலையிலிருந்து மாடியில் கெஞ்சல் கேட்டுக்கொண்டிருந்தது. "ஏன் இப்படிப் பண்றீங்க, ஒரே ஒரு பக்கந்தானே கேக்குறேன்." நானாகவே மேலே போனேன். கரண்டு போய் வந்த நேரத்தில் எதையோ தட்டியிருக்கிறாள். பிரிண்டர் இணைப்பில் இல்லாத மாதிரி வைத்துக்கொள் என்கிற குறி விழுந்திருந்தது. அது விழுந்துவிட்டால் நாம் கொடுக்கிற வேலையெல்லாம் வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளும், தாள் மட்டும் வராது. இவளோ வரவில்லையே என்று மறுபடி மறுபடி கொடுத்திருக்கிறாள். ஒரு பக்கம் கேட்டு வராததால், நிறையக் கேட்டாலாவது வரும் என்று பிரதிகளின் எண்ணிக்கையையும் கூட்டியிருக்கிறாள்.

எனக்கு அது தெரியாது. குறியை எடுத்துவிட்டேன், அவ்வளவுதான். பிரிண்டர் முனக ஆரம்பித்தது. ஒரு ஜாதகம் வந்தது. இன்னொன்று வந்தது. தட்டு நிறைந்து தரையில் விழுந்தது. வந்துகொண்டே இருந்தது. நான் நிறுத்தப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துவிட்டாள்.

"வேணாம். ஜாதகத்தப் பாதியில நிறுத்தக் கூடாது."

தாள் தீரும்வரை இரண்டு பேரும் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். மேஜைக்கு அடியில், கட்டிலுக்கு அடியில், பால்கனிக் கதவு வரை அக்காவின் பெயர். அக்காவின் நட்சத்திரம். பெண்பிள்ளை ஒருத்தியின் வீடு நிறைய அவள் மட்டுமே கிடந்ததை அன்றைக்குப் பார்த்தேன். அவளும் அதைத்தான் பார்த்தாளோ என்னவோ.

"இம்புட்டையும் என்னக்கா பண்றது?"

"கிழிக்கக் கூடாது. குப்பையில போடக் கூடாது. ஆத்துல விடணும்."

"வைகையில விடுறதுக்குத் தண்ணிக்கு எங்க போறது?"

அதற்கு மேல் அடக்க முடியாமல் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பிறகு தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து மஞ்சள் தடவினோம். அவள் குழைப்பாள், நான் தடவுவேன். மூலையில் மட்டும் வை, மை கலைஞ்சிரும் என்று மிரட்டினாள். மத்தியானம் அங்கேயே ரசஞ்சோறு சாப்பிட்டேன். தட்டைக் கழுவப் போனேன். "வை, நானே" என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டு, "சரி, கழுவு" என்றாள். எனக்கு அன்றைக்கு ஏதோ பெரிய பரிசு கிடைத்த மாதிரி இருந்தது.

விட ஆறு இல்லாததால் கொடுக்கத்தான் வேண்டும் என்று முடிவானது. அடுத்து வந்த ஞாயிறுகளில் ஸ்கூட்டியில் அவள் முன்னால், பையோடு நான் பின்னால். தரகர்கள், கல்யாணத் தகவல் மையங்கள், அவர்கள் ஆட்கள் மாதம் ஒரு தடவை வரன் பார்க்கக் கூடுகிற சங்கக் கட்டடம், இரண்டு மூன்று கோயில் அலுவலகம். எல்லா இடத்திலும் அவள் வெளியே நிற்பாள். அக்காவாகிய நான்தான் உள்ளே போய்க் கொடுப்பேன். பையில் ஒரு தாள்கூட மிஞ்சாமல் கொடுத்தோம்.

அழைப்புகள் வரத் தொடங்கின. அவள் குலதெய்வம், பாதம், லக்னம் எல்லாம் எனக்கு மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். கேள்விகள்தான் எனக்கு ஆகவில்லை. ஏன் இம்புட்டு லேட்டு? சுகரு இருக்கா? மாடி வீடு யாரு பேருல இருக்கு? ஒருத்தர், "இந்த வயசுல எதுக்கு? எங்க பையனுக்குச் சமைச்சுப் போட ஆளு வேணும், அதுக்குத்தான் பாக்குறோம்" என்றார். "ஒங்களுக்கு வேணுங்கிறது சமையக்காரி, ஜாதகம் எதுக்குப் பாக்குறீங்க?" என்று வைத்துவிட்டேன். அக்காவிடம் அதையும் சொன்னேன். "பொண்ணோட அக்கா இப்படி வாயாடியா இருந்தா எவன் வருவான்?" என்றாள். அவளுக்கு உள்ளே வலித்திருக்கும். காட்டிக்கொள்ள மாட்டாள். ஒன்றும் கூடிவரவில்லை.

பிறகு புனே அண்ணன் வந்தான். வீட்டை விற்க வேண்டும் என்றான். அப்பா வீடு இருவருக்கும் பொது. அக்கா வாதாடவில்லை. ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை, லேடீஸ் ஹாஸ்டலில் இடம் என்று அவளே எல்லாம் ஏற்பாடு செய்துகொண்டாள். அவள் கிளம்பிய அன்று நாங்கள் மூட்டை இறக்க மேலே போவதற்குள் பெட்டிகள் எல்லாம் கீழே இருந்தன. எப்போது இறக்கினாளோ. பிரிண்டர் மட்டும் மேஜையில் இருந்தது.

"அவர நீ வச்சுக்க. நீ சொன்னாத்தான் கேக்குறாரு" என்றாள்.

"போயிட்டுப் போன் பண்ணுங்கக்கா. தனியா என்ன செய்வீங்க அங்க?"

"நானே பாத்துக்கிறேன்" என்றாள்.

கொஞ்ச நாள் பேசினாள். பண்டிகைக்குப் பேசினாள். பிறகு நான் அழைத்தால் எடுப்பது குறைந்தது. ஒரு நாள் இந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. அப்பாவின் எண்ணும் அதையே சொன்னது. அவள் சொல்லியிருந்த கம்பெனியில் எப்படியோ விசாரித்தேன். நின்றுவிட்டார், எங்கே போனார் தெரியாது என்றார்கள். அண்ணன் எண் என்னிடம் இல்லை. யாருக்கும் பாரமாகக் கூடாது என்று இருந்தவள், தொலைந்துபோகிற வேலையையும் தானே கச்சிதமாக முடித்துவிட்டாள். அவள்மேல் எனக்கு அதில் இன்றைக்கும் கோபம் உண்டு.

நாங்கள் செல்லூருக்குக் குடிமாறினோம். பிரிண்டர் இங்கே இருக்கிறது. எவ்வளவு துடைத்தாலும் ஓரத்தில் லேசாக ஒரு மஞ்சள் பட்டுத்தான் தாள் வெளியே வரும். என் மகள் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போன பக்கத்தைப் பார்த்து டீச்சர், "என்ன, வீட்டுல விசேசமா?" என்று கேட்டார்களாம்.

அழைப்புகளும் நிற்கவில்லை. அன்றைக்கு நாங்கள் கொடுத்த தாள்கள் எந்தெந்தப் பையிலோ, எந்தெந்த ஃபைலிலோ கிடந்து, கை மாறி, இப்போதும் யாரோ ஒருவர் எடுத்துப் பார்க்கிறார்கள். போன மாதம் ஒரு அழைப்பு. கீழ்வீட்டுத் தறிச் சத்தத்தில் காது கேட்கவில்லை. மொட்டை மாடிக்கு ஓடினேன். திருமங்கலத்திலிருந்து ஒரு வயதான அம்மா.

"இந்தத் தாளு எங்க வீட்டுக்காரரு பையில கெடந்துச்சு தாயி. அவரு இப்ப இல்ல. எப்ப வாங்கி வச்சாரோ. பொண்ணுக்கு முடிஞ்சிருச்சுன்னா சொல்லிரு, வச்சிருறேன்."

"இல்லம்மா. சொல்லுங்க."

"எம் மகனும் வேணாம் வேணாம்னே வயச ஓட்டிட்டான். தனியாத்தான் தின்னுட்டுத் தனியாத்தான் படுக்குறான். நான் போயிட்டா வீட்டுல பேச்சுச் சத்தமே இருக்காது."

ஏன் தாமதம் என்று அவர் கேட்கவில்லை. வீடு யார் பெயரில் என்றும் கேட்கவில்லை. இத்தனை வருடத்தில் எவரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"ஒன் தங்கச்சிக்கு என்ன புடிக்கும் தாயி?"

நட்சத்திரம் தெரியும், லக்னம் தெரியும். இது அந்தக் கட்டங்களில் இல்லை. ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்து அவள் அந்த மிஷினிடம் கெஞ்சிக்கொண்டிருந்ததுதான் நினைவுக்கு வந்தது.

"அவளுக்குப் பேசப் புடிக்கும்மா" என்றேன். "ஆளு இருந்தா நல்லாப் பேசுவா."

"அது போதும். ஒரு நாளு வந்து பாக்கட்டுமா?"

"கேட்டுச் சொல்றேம்மா" என்றேன்.

வைத்துவிட்டு அவளுடைய பழைய எண்ணை அழுத்தினேன். உபயோகத்தில் இல்லை என்று அந்தப் பதிவுக் குரல் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன். அந்த அம்மா வாரம் தவறாமல் கூப்பிடுகிறார். "ஊர்லருந்து இன்னும் வரலம்மா" என்று நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "வரட்டும் தாயி, நாங்க இங்கதான இருக்கோம்" என்கிறார். வேறு கம்பெனி சிம்மில் நல்ல ஆஃபர் இருக்கிறது, இந்த நம்பரைத் தூக்கிப்போடு, தொல்லை விட்டது என்று என் வீட்டுக்காரர் போன ஞாயிற்றுக்கிழமைகூடச் சொன்னார். வேறு என்ன வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள், நம்பரை மட்டும் மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். என்னைத் தேட அக்காவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் அது ஒன்றுதான்.